கதிர்வீச்சு: மெஷின் பெயரை மட்டும் கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாய், நாக்கு, தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "எந்த மெஷின்?" என்பதுதான். கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரைச் செதுக்கும் நவீன முறைகளான ஐ.எம்.ஆர்.டி. உண்டா, வி.மேட் உண்டா, எக்ஸ்-கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைப் பாய்ச்சும் சிகிச்சைக்கே போய்விடலாமா என்று விசாரிக்கிறார்கள். விளம்பரங்களும் நாளிதழ்ச் செய்திகளும் கருவியின் பெயரையும் விலையையும் தவிர வேறெதையும் சொல்லாதபோது, அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. ஆனால் அந்தக் கருவியால் கிடைக்கக்கூடிய பலன் நோயாளியின் கைக்கு வந்து சேருமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. சி.டி. படத்தில் கட்டியின் எல்லைக்கு யார் கோடு போடுகிறார்கள், தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி கடைசி வாரம் வரை பொருந்துகிறதா, நாள் விடாமல் சிகிச்சை முடிகிறதா என்பவை அவை. எந்த விளம்பரத்திலும் இவை வருவதில்லை. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றே முதலிடத்தில் இருப்பதால், தங்கள் வாசகர்களில் பல குடும்பங்களுக்கு இது பயன்படும் என்று நம்பி எழுதுகிறோம்.

முதலில் நவீன முறையால் கிடைக்கும் நன்மை என்ன என்று பார்ப்போம். பழைய முறையில் முகத்தின் இரு பக்கமிருந்தும் அகலமான கதிர் எதிரெதிராகப் பாயும். கட்டியும் கழுத்து நெறிகளும் அதற்குள் அடங்கும். கூடவே காதுக்குக் கீழே உள்ள இரண்டு பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் முழுதாக மாட்டிக்கொள்ளும். நோய் குணமானவர்கள்கூட அதன்பின் ஆயுள் முழுக்கத் தண்ணீர் பாட்டிலும் கையுமாகத்தான் இருந்தார்கள். ஒரு விள்ளல் இட்லிக்கு ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தூக்கம் கலையும். உமிழ்நீர் ஊறாத வாயில் பற்கள் ஈறோரத்தில் கறுத்து, சொத்தையாகி, ஒடிந்து விழும்.

ஐ.எம்.ஆர்.டி.யில் ஏழு அல்லது ஒன்பது திசைகளிலிருந்து கதிர் வருகிறது. மெஷினின் தலைப்பகுதிக்குள் டங்ஸ்டன் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. பரவலாகப் புழங்கும் கருவிகளில் 120 தகடுகள். நடுப்பகுதியில் ஒவ்வொன்றின் அகலமும் 5 மில்லிமீட்டர். இவை நகர்ந்து நகர்ந்து, ஒரே திசையிலிருந்து வரும் கதிரையும் ஓரிடத்தில் கூட்டி ஓரிடத்தில் குறைக்கின்றன. வி.மேட்டில் மெஷின் நோயாளியைச் சுற்றிக்கொண்டே இதைச் செய்கிறது. 15, 20 நிமிடம் பிடித்த கதிர் 2 முதல் 4 நிமிடத்தில் முடிந்துவிடும். கட்டிக்கு 70 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) போய்ச் சேரும்போது, தண்டுவடத்தின் எந்தப் புள்ளியும் 45 முதல் 50 கிரேயைத் தாண்டாமலும், பரோடிட்டின் சராசரி 26 கிரேக்குள் நிற்கும்படியும் திட்டம் போட முடிகிறது.

பலன் உண்மையானது. பிரிட்டனில் 94 பேரை வைத்து நடந்து 2011-ல் வெளியான பார்ஸ்போர்ட் ஆய்வில், ஓராண்டு கழித்துத் தொல்லை தரும் அளவுக்கு வாய் வறண்டிருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை செய்த ஒப்பீடும் இதையே காட்டியது. விழுங்கும் தசைகளைத் தனியாகக் காப்பாற்றித் திட்டம் போட்டால் ஓராண்டுக்குப் பின் விழுங்குவது மேம்படுகிறது என்பதை 2023-ல் வெளியான டார்ஸ் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஒப்பீடுகளில் கட்டி கட்டுப்படும் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நவீன முறை கொடுப்பது உமிழ்நீரையும் விழுங்கும் திறனையும். அதுவே பெரிய கொடை. "புது மெஷினில் வைத்தால் நோய் நிச்சயம் போய்விடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கதிர் கூர்மையானதால் ஓர் ஆபத்தும் சேர்ந்தே வந்திருக்கிறது. அகலமான பழைய கதிர், கோட்டைச் சற்று உள்ளே தள்ளிப் போட்டாலும் கட்டியை மூடிவிடும். ஐ.எம்.ஆர்.டி.யில் கோட்டுக்கு வெளியே சில மில்லிமீட்டரிலேயே அளவு சரிந்துவிடுகிறது. கோட்டுக்கு வெளியே விடுபட்ட கட்டிக்குப் போதிய கதிர் கிடைக்காது. நோயாளி ஒருவருக்கு 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் எடுத்த சி.டி. படங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கும். கட்டி, அது பரவக்கூடிய பாதை, நெறி வரிசைகள், தண்டுவடம், மூளைத்தண்டு, தாடை எலும்பு, குரல்வளை, விழுங்கும் தசைகள் என எல்லாவற்றையும் மருத்துவர் படம் படமாக வரைய வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் நல்ல உறுப்புகளைச் சில நிமிடங்களில் வரைந்து தருகின்றன. கட்டியின் எல்லையை அவற்றிடம் விட முடியாது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஏறிய கன்னப் புற்று, தாடைக்கு உள்பக்கமாகக் காதுக்கு முன் உள்ள குழிக்குள் போயிருக்கும். படத்தில் மங்கலாகத்தான் தெரியும். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் அதன் கீற்றுகள் படத்தையே கெடுக்கும். எம்.ஆர்.ஐ. பார்த்து, வாயைத் திறந்து விரலால் தடவிப் பார்த்து, அறுவை மருத்துவரிடமும் கேட்டுத்தான் அந்தக் கோட்டைப் போட முடியும். நெறி கட்டியிருக்கும் பக்கத்தில் பரோடிட்டைக் காப்பாற்றுகிறோம் என்று கதிரைக் குறைத்தால், நோய் அதே இடத்தில் திரும்பி வரும். அங்கே சுரப்பியை விட்டுக்கொடுப்பதுதான் சரி.

இதன் விலையை ஒரு பன்னாட்டு ஆய்வு அளந்து காட்டியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து புற்றுநோய்க் குழு தலைமையில் ஒரு புதிய மருந்தைச் சோதித்தார்கள். மருந்தால் பலன் இல்லை. ஆனால் அதே நோயாளிகளின் கதிர்வீச்சுத் திட்டங்களை நிபுணர்கள் மறுபடி பிரித்துப் பார்த்தபோது கிடைத்தது எங்கள் துறையையே உலுக்கியது. திட்டம் ஒழுங்காக இருந்தவர்களில் இரண்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதம். கட்டியைக் கோட்டைவிடும் அளவுக்குப் பெருங்குறை இருந்த திட்டங்களில் 50 சதவீதம். ஆய்வுக்கு ஐந்துக்கும் குறைவான நோயாளிகளைச் சேர்த்த மையங்களில் சுமார் 30 சதவீதத் திட்டங்கள் அப்படி இருந்தன. 20 அல்லது அதற்கு மேல் சேர்த்த மையங்களில் சுமார் 5 சதவீதம். இது 2010-ல் வெளியானது, பெரும்பாலும் ஐ.எம்.ஆர்.டி. பரவுவதற்கு முந்தைய கதை. கதிர் கூர்மையான பிறகு பிழைக்கு இடம் இன்னும் குறைந்திருக்கிறது. ஆகவே மெஷின் எது என்று கேட்பதற்கு முன், "வருடத்துக்கு எத்தனை வாய், தொண்டைப் புற்று நோயாளிகளுக்கு இங்கே கதிர் வைக்கிறீர்கள்? போட்ட கோட்டை இரண்டாவது மருத்துவர் பார்க்கிறாரா?" என்று கேளுங்கள். கேட்டதற்காக நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து முகமூடி. ஓட்டைகள் உள்ள தெர்மோபிளாஸ்டிக் தகட்டை 65, 70 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சில நிமிடம் வைத்தால் இளகிவிடும். நோயாளியைச் சரியான அளவுத் தலையணையில் படுக்கவைத்து, தோளைக் கீழே இழுத்துவிட்டு, அந்தத் தகட்டை நெற்றியிலிருந்து தோள் வரை இழுத்துப் பலகையில் மாட்டுகிறார்கள். மூக்குத்தண்டு, முகவாய், நெற்றி மூன்றிலும் விரலால் அழுத்திப் பதிக்க வேண்டும். தலை புரளாமல் தடுப்பவை இந்த மூன்று பிடிகள்தான். ஆறி இறுகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டுக் கழற்றினால் பிறகு சுருங்கி முகத்தை நெரிக்கும். தாடியை முன்னதாகவே மழித்துவிட வேண்டும். பிறகு மழித்தால் அந்த இடைவெளியே போதும், முகம் உள்ளே ஆட. பெண்கள் கொண்டை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. மூக்கு வழி உணவுக் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால் முகமூடி செய்யும் முன்பே போட்டுவிடுவது நல்லது. மூடிய இடத்தில் பயம் உள்ளவர்கள் அன்றே சொல்லிவிட வேண்டும். கண், வாய்ப் பகுதியை வெட்டித் திறந்த முகமூடிகளும் உண்டு.

பிறகு திட்டம் தயாராக ஒரு வாரம் ஆகலாம். சும்மா இழுத்தடிக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கோடு போட்ட பின் மருத்துவ இயற்பியலாளர் திட்டம் கணக்கிடுகிறார். அதை முதலில் நோயாளிக்குப் பதில் அளவுமானி பொருத்திய உருவில் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். கணக்கிட்டதும் அளந்ததும் கதிர் அளவில் 3 சதவீதம், தூரத்தில் 2 மில்லிமீட்டருக்குள் 95 சதவீதப் புள்ளிகளிலாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் திட்டத்தை மாற்ற வேண்டும். இந்த நாட்களைக் குறைக்கச் சொல்லி நெருக்காதீர்கள்.

சிகிச்சை தொடங்கிய பின் முகமூடிக்கு எதிரி உடல் மெலிவுதான். மூன்றாம், நான்காம் வாரத்திலிருந்து வாய்ப்புண் கடுமையாகும், சாப்பாடு நின்றுபோகும், கன்னம் ஒட்டும், கழுத்துக் கட்டியும் கரையும். முகமூடிக்குள் முகம் ஆடத் தொடங்கும். பரோடிட் சுரப்பிகள் சுருங்கி உள்பக்கமாக நகர்ந்து, விலக்கி வைத்த கதிருக்குள் தாமே போய் விழும். முதல் நாள் சி.டி.யில் போட்ட அருமையான திட்டம் அன்றைய முகத்துக்குப் பொருந்தாது. கதிருக்கு முன் மெஷினிலேயே எடுக்கும் கோன்பீம் சி.டி. இதைக் காட்டிக்கொடுக்கும். அதை எடுத்தால் மட்டும் போதாது. பார்த்து முடிவெடுக்க ஆள் வேண்டும். முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே விரல் தாராளமாக நுழைகிறது என்றாலோ, எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, புது முகமூடி, புது சி.டி., புதுத் திட்டம் பற்றி உடனே பேச வேண்டும். தொழில்நுட்பரிடம் நோயாளியே சொல்லலாம்: "மாஸ்க் லூசா இருக்கு." இந்த மூன்று சொல் பல பிழைகளைத் தடுத்துவிடும்.

எடை குறையாமல் காப்பதும் கதிர்வீச்சு நுட்பத்தின் ஒரு பகுதியே. எடை கிலோ ஒன்றுக்கு நாளுக்கு 30 கலோரி, புரதம் 1.2 முதல் 1.5 கிராம் என்பது கணக்கு. 55 கிலோ எடையுள்ளவருக்கு 1,650 கலோரியும் குறைந்தது 66 கிராம் புரதமும் வேண்டும். நீர்த்த கஞ்சியும் இளநீரும் குடித்து இதை எட்டவே முடியாது. நான்கு முட்டையும் அரை லிட்டர் பாலும் சேர்ந்தாலே 40 கிராம் அளவுக்குத்தான் வரும். பருப்பு, தயிர், கடலை, புரதப் பவுடர் எல்லாவற்றையும் அரைத்துக் கரைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். வாய் வழியே முடியாவிட்டால் மூக்குக் குழாய்க்குத் தயங்காதீர்கள். குழாய் போட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள் இல்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து இரண்டு மூன்று மணிக்கொரு முறை கொப்பளிப்பது புண்ணுக்கு முதல் மருந்து. புகையிலை, பாக்கு, பீடி எதுவும் இந்த ஏழு வாரத்தில் கூடவே கூடாது. புகைத்துக்கொண்டே கதிர் வாங்குபவர்களுக்குப் பலன் குறைகிறது.

இனி எங்களுக்கு மிகவும் மனம் பதைக்கும் விஷயத்துக்கு வருகிறோம்: விடுபடும் நாட்கள். வழக்கமான அளவு 70 கிரே. நாளுக்கு 2 கிரே வீதம், வாரம் ஐந்து நாள், 35 சிட்டிங். திங்களன்று தொடங்கினால் 47-ஆம் நாள் முடிய வேண்டும். கதிர் தொடங்கிச் சுமார் நான்கு வாரத்தில், தப்பிப் பிழைத்த புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அதனால் மொத்த நாட்கள் ஒவ்வொன்று நீளும்போதும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1.4 சதவீதம் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. ஒரு வாரம் போனால் சுமார் 10 சதவீதம் போயிற்று. வேறு எந்த நவீன நுட்பமும் இதைத் திருப்பித் தராது.

வேகமாக முடிப்பதன் பலனும் நிரூபணமானது. டென்மார்க்கில் வாரம் ஐந்துக்குப் பதில் ஆறு சிட்டிங் வைத்தபோது, ஐந்தாண்டு முடிவில் கட்டி கட்டுப்பட்டிருந்தவர்கள் 60 சதவீதத்திலிருந்து 70 ஆனார்கள். சர்வதேச அணுசக்தி முகமை வளரும் நாடுகளில் இதையே செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில் 30 சதவீதம் 42 ஆனது. புது மெஷின் இல்லை, புது மருந்து இல்லை, வாரத்தில் ஒரு நாள் சேர்த்ததுதான். கதிரோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசி தரும்போது வாரம் ஐந்தே போதும். ஊசி ஏற்றிக்கொள்ளச் சிறுநீரகமோ வயதோ இடம்தராதவர்களுக்கு ஆறு நாள் முறை கைகொடுக்கும். டாடா மருத்துவமனை 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களுக்கு வாரந்தோறும் சிறு அளவு டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து சேர்ப்பதும் பலன் தருகிறது.

நாட்கள் ஏன் விடுபடுகின்றன? மெஷின் பழுது, காப்பீட்டு ஒப்புதல் தாமதம், கீமோ கொடுத்த மறுநாள் வாந்தி, கூட வருபவருக்கு வேலை என்று பல காரணங்கள். எங்கள் அனுபவத்தில் பொங்கல் மாதிரிப் பண்டிகை வாரம்தான் மோசம். மூன்று நாள் அரசு விடுமுறை. ஊருக்குப் போனவர் நான்காம் நாளும் வர மாட்டார். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஈடுகட்ட வழி உண்டு. சனிக்கிழமை ஒரு சிட்டிங் வைக்கலாம். அல்லது ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு சிட்டிங் வைக்கலாம். அந்த ஆறு மணி நேரத்தைக் குறைக்கக் கூடாது. நல்ல திசுக்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள அவ்வளவு நேரம் தேவை. மெஷின் பழுதானால், கதிர் அளவு ஒத்துப்போகும்படி அமைத்த இன்னொரு மெஷினுக்கு மாற்றலாம். விட்ட நாளைக் கடைசியில் சேர்த்து, "35 எண்ணிக்கை வந்துவிட்டது" என்பது ஈடுகட்டல் ஆகாது. எண்ணிக்கை சரி, நாள் கணக்கு தவறு.

வாய்ப்புற்றில் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் முதலில். அதன்பின் 30 அல்லது 33 சிட்டிங்கில் 60 முதல் 66 கிரே. அறுவை நடந்த ஆறு வாரத்துக்குள் கதிர் தொடங்கி, அறுவை நாளிலிருந்து 11 வாரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். பயாப்சி முடிவு வரட்டும், தையல் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஊரில் இருந்துவிட்டு மூன்றாம் மாதத்தில் வருபவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. தையல் ஆறும் நாட்களிலேயே முகமூடி, சி.டி., பல் வேலை எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

புரோட்டான் பற்றிச் சுருக்கமாக. சென்னையில் 2019 முதல் அந்த வசதி இருக்கிறது. புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும், அதற்கு அப்பால் போகாது என்பது உண்மை. மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிகள், குழந்தைகள், ஏற்கெனவே கதிர் வாங்கிய இடத்தில் மறுபடி வந்த நோய் ஆகியவற்றில் அதைப் பற்றிக் கேட்டுப் பார்ப்பது நியாயம். சாதாரணக் கன்னப் புற்றுக்கும் நாக்குப் புற்றுக்கும் வீட்டை விற்று அங்கே போக வேண்டியதில்லை. தொண்டைப் புற்றில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த பெரிய ஒப்பீடுகளே ஒரே முடிவைச் சொல்லவில்லை. மறுபக்கம், குரல்நாணில் மட்டும் உள்ள சின்னக் கட்டிக்கு இரண்டு சிறிய எதிரெதிர்க் கதிர்களில் 28 சிட்டிங், 63 கிரே கொடுத்தே பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டுப்படுத்த முடிகிறது. அவர்களுக்குச் செலவு கூடிய முறையை விற்பது தவறு.

மருத்துவமனைகளையும் அரசையும் கேட்டுக்கொள்வது: தலை, கழுத்துப் புற்று நோயாளிகளில் எத்தனை பேர் குறித்த நாளுக்குள் சிகிச்சையை முடித்தார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு மையமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பண்டிகை வாரங்களில் ஒரு நாளாவது மெஷின் ஓட வேண்டும். வெளியூர்க்காரர்கள் ஏழு வாரம் தங்க மலிவான இடம் வேண்டும். அரசு காப்பீட்டுத் திட்டத்தில் கதிருக்குப் பணம் இருக்கிறது. வாரம் ஐந்து நாள் பஸ் ஏறி வந்து போவதுதான் பலரை நடுவில் நிறுத்துகிறது. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. மருத்துவமனைச் சான்றைக் காட்டி அதைப் பெறலாம்.

கடைசியாகப் பல். கதிர் தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்து, காப்பாற்ற முடியாத பற்களைப் பிடுங்கி, புண் ஆற இரண்டு வாரம் விட வேண்டும். கதிர் வாங்கிய தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பத்தாண்டு கழித்துப் பிடுங்கினாலும் குழி ஆறாமல் எலும்பு செத்துப்போகலாம். தினமும் ஃப்ளோரைடு, வாய் திறக்கும் பயிற்சி இரண்டும் வாழ்நாள் வேலை. பாக்கு போட்டு ஏற்கெனவே வாய் இறுகியவர்களுக்குப் பயிற்சி இன்னும் அவசியம். கீமோவோடு கதிர் முடித்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் கழித்து, நோய் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் பெட்-சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், அதற்கு முன் எடுத்தால் வீக்கமே நோய் மாதிரித் தெரியும். கழுத்துக்குக் கதிர் வாங்கிய எல்லாரும் ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை தைராய்டு பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது, எந்தப் பக்கத் தாடைக்கு எத்தனை கிரே போயிருக்கிறது என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். பிறகு எந்த ஊரில் எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்கள், மருத்துவ இயற்பியலாளர்கள், தொழில்நுட்பர்கள் சிலர்,
சென்னை.